தேவாங்கு டீச்சரம்மாவுக்கு

இன்னமும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற என் ஆசை அக்கா திலகத்துக்கு,

நீ போன பிறகு சிங்காநல்லூரில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொள்கிறார்கள். நான் அதே கண் ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் வேலையில்தான் இருக்கிறேன். அம்மா உன் படத்துக்கு தினமும் பூ வைக்கிறாள். வைத்துவிட்டு, "உனக்கு வேற பொழப்பே கெடைக்கலையா கண்ணு" என்று கேட்கிறாள். நீ உயிரோடு இருந்தபோதே அதற்குப் பதில் சொன்னதில்லை.

உன்னோடு விலங்கியல் பாடம் நடத்திய தோழிகள் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் நிற்கவில்லை அக்கா. நல்லதாகவும் வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். உனக்கு எழுதுவதில் எனக்குப் பொய் எழுத வராது.

பள்ளிக்கூடத்திலேயே உனக்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். குச்சிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதிக்குக் கண். "தேவாங்கு வருது பாரு" என்பார்கள். பிறகு காங்கேயத்திலிருந்து எண்ணெய் மில்லுக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை நிதானமாகத் தின்றுமுடித்தாள். கை துடைத்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ள தேவாங்காட்ட இருக்குதுங்க. நாளைக்குப் பொறக்கறதும் அப்படியே பொறந்துபோட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு, எல்லாரையும் கும்பிட்டு விடைபெற்றுப் போனாள். கொடுமையைக்கூட 'ங்க' போட்டுச் செய்ய நம் பக்கத்து ஆட்களால்தான் முடியும்.

அம்மா அழுதாள். நீ மீதி பஜ்ஜியைத் தட்டோடு எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அந்தம்மா தேவாங்கப் பாத்திருக்கும்னு நெனைக்கறயா சுசி?"

"யாருக்குத் தெரியும்."

"நானே பாத்ததில்ல. பொஸ்தகத்துல பாத்ததுதான். ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு வந்து சொல்றேன், ஒத்துமை இருக்குதா இல்லையான்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது பட்டுப்புழு, குளத்து மீன் என்று அவர்கள் கொடுத்த எதையும் நீ எடுத்துக்கொள்ளவில்லை. தேவாங்குதான் வேண்டும் என்று நின்றாய்.

ஆழியாறு பக்கம், வால்பாறை மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்த ஊரின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரோட்டை ஒட்டிய புளியந்தோப்பு, சுற்றிலும் கிளுவை வேலி. தோப்புக்குச் சொந்தக்காரர் பொன்னுசாமி உன்னை எப்படி வரவேற்றார் என்று நீ சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய். "நம்ம தோப்புதானுங்க அம்மணி. எப்ப வேணும்னாலும் வாங்க. இளநி வெட்டித் தரச் சொல்றேனுங்க." அவர் மனைவி ராசாமணி உனக்குத் தோட்டத்துச் சாளை வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அவர்களுடைய ஒரே மகள் கவிதா, மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள், உன் டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் தேவாங்குக்குக் கண் கூசும் என்று நீ அவளுக்குச் சொல்லியிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் உனக்கு வேறு பேச்சே கிடையாது. பூனைக்குட்டி அளவுகூட இல்லை, வால் இல்லை, பகலெல்லாம் கிளையில் பந்தாகச் சுருண்டு தூங்கும், பொழுது சாய்ந்ததும் இறங்கிவந்து பூச்சி பிடிக்கும். ஒரு தாய்க்கு இரட்டைக் குட்டி. இருட்டியதும் குட்டிகளைக் கிளையில் தொற்றவைத்துவிட்டு இரைதேடப் போகும். விடிவதற்குள் திரும்பி வந்து அதே கிளையில் எடுத்துக்கொள்ளும். "நம்ம மில்லுக்குப் போற பொம்பளைங்களாட்டத்தான்" என்று நீ சொன்னபோது அம்மாகூடச் சிரித்தாள்.

ஊர் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் சொன்னாய். அப்போது நீ சிரிக்கவில்லை. காலையில் கண்ணில் பட்டால் அன்றைக்குக் காரியம் கெட்டுப்போகுமாம். அதன் காலை ஒடித்தால் ஆகாதவன் கால் முடங்குமாம். அதன் கண்ணை எடுத்து மருந்து செய்தால் மனிதன் கண்ணில் விழுந்த பூ மறையுமாம். சந்தையில் மருந்துப்பெட்டி வைத்திருந்த ஒரு வைத்தியர் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். உயிரோடு எடுத்தால்தான் பலிக்கும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெறும் ஆராய்ச்சி பண்ணி என்ன பண்றது சுசி? சொல்லிக் குடுக்கோணும். தெரிஞ்சா செய்யமாட்டாங்க."

தெரிந்தால் செய்யமாட்டார்கள். எவ்வளவு நம்பினாய் அதை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ பேசிய அன்று நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். நீயே வரைந்த பெரிய வண்ணப்படத்தைக் கரும்பலகையில் மாட்டினாய். பிள்ளைகள் முன்னால், ஊர்ப் பெரியவர்கள் பின்னால். பயிரைத் தின்னும் பூச்சிகளை அது தின்னும், யாரையும் ஒன்றும் செய்யாது, பிடித்தால் சட்டப்படி குற்றம், எல்லாம் அழகாகச் சொன்னாய். முன்வரிசையிலிருந்து கவிதா எழுந்தாள்.

"கண்ணு ஏனுங்க டீச்சர் அத்தாப் பெருசா இருக்குது?"

"இருட்டுலயும் நல்லாத் தெரியறதுக்குத்தான் கண்ணு. நம்மளுக்கு ஒண்ணுமே தெரியாத இருட்டுல அதுக்கு ஒரு எறும்பு போறதுகூடத் தெரியும்."

எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னுசாமி எழுந்து உனக்குச் சால்வை போர்த்தினார்.

மழை ஓய்ந்து கரும்பு வெட்டும் சமயத்தில் கவிதாவின் வலது கண்ணைக் கரும்புச் சோகை கீறிவிட்டது. கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. நீ பார்த்த உடனே பொன்னுசாமியிடம் போய்க் கெஞ்சினாய். உடனே கோயமுத்தூர் கூட்டிப் போங்கள், என் தங்கை அங்கேதான் நர்ஸாக இருக்கிறாள், சொட்டு மருந்திலேயே ஆறிவிடும் என்றாய். "ஆகட்டுங்க அம்மணி. திங்கக்கெழமை கூட்டிட்டுப் போறோமுங்க." நான் திங்கட்கிழமை முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அடுத்த நாள் நீ கேட்டதற்கு, "ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்க அம்மணி. நாளைக்குப் போயிருவோமுங்க" என்றார்.

அவர் சொன்ன அந்த நாளைக்கு நீ காலையில் தோப்புக்குப் போனபோது இரண்டு குட்டிகளும் கிளையிலேயே இருந்தன. வெயில் ஏறியும் தாய் வரவில்லை. ஒவ்வொரு மரமாக, வேலி வேலியாகத் தேடியிருக்கிறாய். கடைசியில் பொன்னுசாமியின் மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் ஓர் உரச் சாக்கு அசைவதைப் பார்த்தாய். பிரித்தாய்.

உள்ளே தாய் இருந்தது. இரண்டு கண்ணும் இல்லை. உயிர் இருந்தது.

எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த பொன்னுசாமி கை கழுவிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஒரு பயமோ வெட்கமோ இல்லை என்று நீ சொன்னாய். அதுதான் உன்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"புள்ளைக்கு மருந்துக்குங்க அம்மணி. வைத்தியரு ரொம்ப நாளாச் சொல்லிட்டுத்தான் இருந்தாருங்க. எனக்கு அத்தன நம்பிக்க இல்லீங்க. அப்பறம் நீங்களே பள்ளிக்கோடத்துல சொன்னீங்களே, இருட்டுலகூட எறும்பு தெரியற கண்ணுன்னு. அதுக்குப் பொறகுதானுங்க தெகிரியம் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "காப்பி ஆயிருச்சுங்க, குடிச்சுட்டுப் போங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

நீ அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். குட்டிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாய். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் தாய் செத்துவிட்டது. செத்த பிறகும் அதன் விரல்கள் உன் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தன. வீட்டில் வைத்துத்தான் எடுக்க முடிந்தது. தலைப்பைக் கத்தரித்துத்தான் எடுத்தோம். குட்டிகளுக்கு இங்க் ஃபில்லரில் பால் விட்டோம். அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒன்று போனது. அதன் சூடு போனதும் மற்றதும் போனது. நான் மூன்றையும் வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில், கொய்யா மரத்தடியில் புதைத்தேன். நீ வெளியே வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் கவிதாவைக் கொண்டுவந்தார்கள். அப்போது வார்டில் நான்தான் இருந்தேன். டாக்டர் கட்டைப் பிரித்தார். கண் இருந்த இடத்தில் சீழ்தான் இருந்தது. விட்டால் மூளைக்கு ஏறிவிடும், எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நேராக எங்களிடம் வந்திருந்தால் புள்ளி மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பொன்னுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற யாருதாச்சும் எடுத்து வெக்க முடியாதுங்களா சிஸ்டர்? நாலு பேரு வெக்கறாங்களாமுங்களே."

வைத்தியருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாயா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு சந்தைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் ஆயிற்று.

நீ கவிதாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாய். ராசாமணி கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"கிட்ட வராதீங்க அம்மணி. நீங்க அதத் தூக்கிக் கொஞ்சிப்போட்டு வந்து எம் புள்ளையத் தொட்டீங்க. அதோட பாவம் உங்க கையில வந்துதானுங்க எறங்கிருச்சு. உங்களக் கும்பிடறேன், போயிருங்க."

நீ பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாய். அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

வழக்குப் போடு என்று எத்தனை முறை சொன்னேன்? சட்டம் இருக்கிறது, செத்த உடம்பு இருக்கிறது, அவரே வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ கேட்டாய், "கண்ணு போன புள்ளைக்கு அப்பனும் ஜெயிலுக்குப் போகோணுமா சுசி?" உன் கருணைக்கு அவர்கள் செய்த பதில் மரியாதை என்ன? ஊர் கூடிக் கல்லூரிக்கு மனு எழுதினார்கள். தேவாங்கை வைத்து ஏதோ செய்கிற பெண், குழந்தையின் கண் போனதற்கு அவள்தான் காரணம், இனி ஊருக்குள் அனுப்ப வேண்டாம் என்று. கல்லூரியில் உன்னைக் கூப்பிட்டு, வேறு தலைப்பு பாருங்களேன் என்றார்கள். தோப்புக்குக் கம்பிக் கேட் போட்டுப் பூட்டினார்கள். ஊருக்குள் உனக்கு ஒரு பேர் நிலைத்தது: தேவாங்கு டீச்சரம்மா. அதைச் சொல்லிவிட்டு எச்சில் துப்புவார்களாம்.

நீ தலைப்பை மாற்றவில்லை. தோப்புக்குள் விடவில்லை என்றால் என்ன, கிளையெல்லாம் ரோட்டுக்கு மேலேதானே வருகிறது என்று, டி.வி.எஸ். ஃபிஃப்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு பொழுது சாயும் நேரத்தில் மைல்கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். மீதி இருந்தவற்றை எண்ணத்தான் போனாய், இல்லையா? கண் மேலே இருந்ததால் லாரி வந்ததைப் பார்க்கவில்லையா? பார்த்தும் எழ முடியவில்லையா? எனக்குச் சொல்ல ஆளில்லை. தேங்காய் மட்டை ஏற்றிய லாரி நிற்காமல் போய்விட்டது.

ஊர் ஓடிவந்தது. சுற்றி நின்றது. உன்னைத் தொடவில்லை. "தேவாங்கு டீச்சரம்மாங்க... நமக்கெதுக்குங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் இரண்டடி பின்னால் போயிருக்கிறார்கள். மூச்சு இருந்திருக்கிறது உனக்கு. வால்பாறையிலிருந்து இறங்கிவந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரும் ஓர் எஸ்டேட் பெண்ணுமாக உன்னைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். பொள்ளாச்சி வரை உயிர் தாங்கவில்லை உனக்கு. துக்கத்துக்கு வந்த அந்தக் கண்டக்டர் என்னிடம் சொன்னது இது: "தொட்டுத் தூக்கப் பயப்படற அளவுக்கு அந்தம்மா என்னங்க பண்ணுச்சு?"

பொன்னுசாமியும் வந்திருந்தார். பெரிய ரோஜா மாலை. உண்மையாகவே அழுதார் அக்கா, அதையும் சொல்லிவிடுகிறேன். "தங்கமான அம்மணிங்க" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர்களிடம் கற்றுக்கொண்ட அதே பணிவோடு கேட்டேன்:

"பாப்பாவுக்கு இப்ப இருட்டுல எறும்பெல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?"

அவர் மாலையை உன் கால்மாட்டில் வைத்துவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் நடந்து போனார். நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாய். நான் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

இனி உனக்குத் தெரியாதவை.

புளியந்தோப்பு இல்லை. துரதிர்ஷ்டம் பிடித்த மரங்கள் என்று எல்லாவற்றையும் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டார்கள். வெட்டும்போது கிளையில் இருந்தவை என்ன ஆயின என்று கேட்டேன். "அதெல்லாம் யாருங்க பாத்தா?" என்றார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அடிவாரத்து ஊர்களுக்கு இலவச முகாம் போகிறோம். பரிசோதனைக்கு முன்னால் ஜனங்களிடம் பேசுவது என் வேலை. முதலில் உன் வண்ணப்படத்தை எடுத்துப் போனேன். உன் வார்த்தைகளையே சொன்னேன், கண்ணைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டு. கேட்டார்கள், தலையாட்டினார்கள். "பாவம்ங்க, வாயில்லாச் சீவன்" என்றார்கள். ஆனால் மருந்து போட்டுக்கொண்டு வருவது நிற்கவில்லை. இரக்கத்துக்கு நம் ஜனங்களிடம் பஞ்சமில்லை அக்கா. அது அவர்கள் கையைத்தான் தடுப்பதில்லை.

பிறகு கவிதா வந்தாள். செயற்கைக் கண்ணை வளர வளர மாற்ற வேண்டும் அல்லவா? பிளஸ் ஒன் படிக்கிறாள். தகப்பனைத் துணைக்கு அழைத்து வராமல் தனியாகவே வந்திருந்தாள். புதுக் கண் பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கு அந்தக் கேள்விய கேக்காம இருந்திருந்தா டீச்சரு இருந்திருப்பாங்களா அக்கா?"

உன்னைப் போல் இருந்திருந்தால் உடனே, நீ காரணம் இல்லை என்று அணைத்திருப்பேன். நான், "கேட்டது தப்பில்ல. சொன்னதும் தப்பில்ல. பின்னால உக்காந்து கேட்டுட்டு இருந்தவங்கதான் தப்பு" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "அப்படின்னா அவங்ககிட்ட நானே பேசறேனுங்க" என்றாள்.

அடுத்த முகாமுக்கு வந்தாள். நான் பேசி முடித்ததும் எழுந்து நின்று, எதுவும் சொல்லாமல் விரலை விட்டுச் செயற்கைக் கண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முன்வரிசையில் ஒரு பெண் அலறிவிட்டாள். குழந்தைகளின் முகத்தை அம்மாக்கள் முந்தானையால் மூடினார்கள்.

"தேவாங்குக் கண்ணு மருந்து போட்டுத்தானுங்க எனக்கு இது போச்சு. எனக்கு ஒண்ணு போச்சுங்க. அதுக்கு ரெண்டும் போச்சு."

அவ்வளவுதான் பேசினாள். டாக்டருக்கு என் மேல் கோபம். வளர்கிற பெண்ணைக் காட்சிப்பொருள் ஆக்குகிறாய், இது குரூரம் என்றார். இருக்கலாம். அதன் பிறகு போன ஊர்களில் எல்லாம் அவளே கேட்டு வருகிறாள். ஒருமுறை பொன்னுசாமி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். மகள் கண்ணை எடுக்கும்போது குனிந்துகொண்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிமிரும் வரை. நீ இதற்கும் அறைவாய். அறை. அந்த ஊர்களிலிருந்து இப்போது அந்த மருந்து போட்டுக்கொண்டு யாரும் வார்டுக்கு வருவதில்லை.

போன மாதம் ஒரு முகாமில், கவிதா பேசிவிட்டு உட்கார்ந்ததும், வயதான அம்மாள் ஒருத்தி துணி மூடிய கூடையை என் மேஜையில் வைத்தாள்.

"ஊட்டுக்காரருக்குக் கண்ணுல பொரை விழுந்துருச்சுன்னு புடிச்சு வெச்சிருந்தோமுங்க. எனக்கு வேண்டாஞ் சாமி. எங்காச்சும் கொண்டு போயிருங்க." சொல்லிவிட்டுக் குழாயடியில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவளுக்கு அதன் மேல் பரிதாபம் வரவில்லை அக்கா. பயம்தான் வந்தது.

துணியை விலக்கினேன். உன்னோடு இத்தனை வருஷம் இருந்தும் உயிரோடு, முழுசாக, வளர்ந்த ஒரு தேவாங்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன. வனக்காவலருக்குச் சொல்லி அனுப்பினோம். பொழுது சாயும் நேரத்தில் அவரோடு நானும் கவிதாவும் ஊரைத் தாண்டி, மலையை ஒட்டிய வேலிக்குப் போனோம். அது கவிதாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். கிளையில் வைத்ததும் மெதுவாக, கையை மாற்றிக் கையை மாற்றி ஏறி இலைக்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்மளக் கண்டா பயப்படுதுங்க அக்கா" என்றாள் கவிதா. அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"பயப்படட்டும் கண்ணு. அப்பத்தான் பொழைக்கும்."

அக்கா, நீ அவர்களுக்கு அதன் மேல் ஆசை வரவைக்கப் பார்த்தாய். என்னால் அது முடியாது, நான் முயலவும் மாட்டேன். ஆனால் இந்த மலையடிவாரத்தில் கடைசி ஊர் வரைக்கும் போவேன். ஒவ்வொரு தாயும் அந்த மருந்துச் சீசாவைக் கண்டாலே தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். கவிதாவுக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ அன்றைக்கு அவள் நிறுத்திக்கொள்வாள். அதற்குப் பிறகும் நான் போவேன். இரக்கமில்லாதவள் என்று என்னைச் சொல்லட்டும். கும்பிட்டுக்கொண்டே சொல்லட்டும். நானும் கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுவேன். இது உன் மேல் ஆணை.

உன் சொல் பேச்சு ஒருநாளும் கேட்காத,
உன் ஒரே தங்கச்சி,
சுசீலா